வழியில் இருக்கும்போதே: வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவிப்போருக்கு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடப்படுகிறது.)



மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், மலைப்பொழிவின் நடுவே, ஆண்டவர் இயேசு ஒரு சிறிய காட்சியை நம் கண்முன் வைக்கிறார். இரண்டு பேர் நீதிமன்றத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் வழக்குத் தொடுத்தவர், மற்றவர் கடன்பட்டவர். இன்னும் நீதிபதியின் முன் போய் நிற்கவில்லை. காவலர் கையில் இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. சாலையில்தான் இருக்கிறார்கள். அந்தச் சாலையிலேயே பேசி உடன்பாடு செய்துகொள், தாமதிக்காதே என்கிறார் ஆண்டவர் (மத் 5:25-26). லூக்கா நற்செய்தியிலும் இதே காட்சி வருகிறது (லூக் 12:58-59).

சகோதரரோடு ஒப்புரவாவதைப் பற்றித்தான் ஆண்டவர் அங்கே போதிக்கிறார். ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உவமை கடனாளியின் உவமை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கடன் என்றால் என்னவென்று அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. நமக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்று நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் வங்கியிலோ வீட்டுக்கடன் நிறுவனத்திலோ கடன் வாங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். வேலை போகிறது, தொழில் படுக்கிறது, வீட்டில் ஒருவர் நோயில் விழுகிறார். ஒரு மாதம் டியூ தவறுகிறது, இரண்டாவது மாதமும் தவறுகிறது. அதன்பின் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. வாசலில் வண்டி நின்றால் மனம் பதறுகிறது. தபால்காரர் கொண்டுவரும் உறை பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடக்கிறது. "ஜப்தி" என்ற சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லார் மனத்திலும் அதுதான் இருக்கிறது.

அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இன்று நான் சொல்ல விரும்புவது ஒன்றே. வீடு ஒரே நாளில் போவதில்லை. முதல் டியூ தவறிய நாளுக்கும் ஏலம் நடக்கும் நாளுக்கும் இடையே நீண்ட சாலை ஒன்று இருக்கிறது. அந்தச் சாலையில் கிடைக்கும் ஒவ்வொரு மாதமும் இறைவன் தரும் காலம். அதை ஒளிந்து கழித்தால் வீடும் போகும், மானமும் போகும். கண்திறந்து நடந்தால் வீட்டைக் காப்பாற்ற வழி கிடைக்கலாம். வீட்டைக் காப்பாற்ற முடியாமற்போனாலும் குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

காலம் கேட்பது பாவமா?

"சாமி, வாங்கின கடனைக் கட்டாம இழுத்தடிக்கிறது பாவம் இல்லையா?" என்று நேர்மையுள்ள மக்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கடனைத் திருப்பிக் கொடுப்பது நீதியின் கடமை என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி (எண் 2411) தெளிவாகக் கற்பிக்கிறது. வசதி இருந்தும் கட்டாமல் ஏமாற்றுவது பாவமே. ஆனால் நம் அறநெறி இறையியல் மரபு இன்னொன்றையும் கற்பிக்கிறது. ஒருவரால் உண்மையிலேயே இயலாதபோது, கடமை அழிந்துபோவதில்லை, தள்ளிவைக்கப்படுகிறது. பிள்ளைகளுக்குச் சோறும் நோயாளிக்கு மருந்தும் இல்லாமல் செய்து கடனைக் கட்டும்படி அந்த மரபு கேட்பதில்லை. இயலும் காலம் வரும்போது கட்ட வேண்டும் என்ற மனம் இருக்க வேண்டும், அதற்கான முயற்சியும் இருக்க வேண்டும். அவ்வளவே.

ஆகவே காலம் கேட்பது பாவமில்லை. பொய் சொல்லிக் காலம் வாங்குவதுதான் பாவம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

கடன் கொடுத்தவருக்கும் இறைவன் எல்லை வகுத்திருக்கிறார். இணைச்சட்டம் 24ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது, அது ஒருவனுடைய பிழைப்பு. அடகு வாங்கப் போகிறவன் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும் (இச 24:6, 10-11). லேவியர் 25ஆம் அதிகாரம் வறுமையால் விற்றதை மீட்கும் உரிமையைப் பேசுகிறது. மதில் சூழ்ந்த நகரில் வீட்டை விற்றவனுக்கு ஓராண்டு கெடு. அதற்குள் அவன் மீட்டுக்கொள்ளலாம். மீட்காவிட்டால் அது வாங்கியவனுக்கே நிலைத்துவிடும் (லேவி 25:29-30). உரிமையும் உண்டு, அதற்கு ஒரு கெடுவும் உண்டு. நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் அமைந்திருக்கிறது. உரிமையும் தெரியாமல், கெடுவும் தெரியாமல் இருப்பதால்தான் நம் மக்கள் பலர் இரண்டையும் இழக்கிறார்கள்.

சாலையின் மைல்கற்கள்

வங்கிகள் வீட்டை எடுப்பது பெரும்பாலும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி. இந்தச் சட்டத்தின்கீழ் வங்கி முதலில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டியதில்லை. ஆனால் படிப்படியாகத்தான் வர வேண்டும். அந்தப் படிகளைச் சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, 90 நாட்கள். தவறிய தவணை 90 நாட்களைத் தாண்டிப் பாக்கி நின்றால்தான் அந்தக் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். இந்த முதல் மூன்று மாதங்களே மிகவும் மதிப்புள்ளவை. தவணைக் காலத்தை நீட்டிக்கவும், தவணைத் தொகையைக் குறைக்கவும், பாக்கியைப் பிரித்துக் கட்டவும் வங்கியிடம் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வாராக்கடன் ஆன பிறகு ஓரிரு தவணைகளை மட்டும் கட்டினால் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பாது. தவறிய அசலும் வட்டியும் முழுவதும் கட்டினால்தான் திரும்பும். ஆனால் நம் மக்கள் பெரும்பாலும் இந்த மூன்று மாதங்களில்தான் வங்கியின் தொலைபேசியை எடுக்காமல் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி, 60 நாள் நோட்டீஸ். சட்டத்தின் 13(2) பிரிவின்கீழ் வருவது. பாக்கியை மட்டும் கேட்காமல், முழுக் கடனையும் 60 நாட்களில் கட்டச் சொல்லும். இதைப் படித்ததும் "எல்லாம் முடிந்தது" என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. இந்த நோட்டீசுக்கு எழுத்தில் பதில் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் ஆட்சேபத்தை வங்கி பரிசீலிக்க வேண்டும். ஏற்க முடியாவிட்டால் 15 நாட்களுக்குள் காரணம் சொல்லிப் பதில் எழுத வேண்டும். உச்ச நீதிமன்றம் 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில், கடனாளியின் ஆட்சேபத்தைக் கருத்தில் கொள்ளத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

பதிலில் பெரிய சட்டச் சொற்கள் வேண்டாம். இதுவரை எவ்வளவு கட்டினீர்கள், எதனால் நின்றது, எந்த மாதம் முதல் எவ்வளவு கட்ட முடியும், வங்கியின் கணக்கில் பிழை இருந்தால் எங்கே, இவ்வளவு போதும். கணக்கு விவரத்தையும் கேளுங்கள். சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் எந்தப் பயனும் இல்லை. வீட்டுக் கதவில் ஒட்டியும் நாளிதழில் வெளியிட்டும் அதைச் சேர்ப்பிக்க வங்கிக்குச் சட்டம் வழி கொடுத்திருக்கிறது.

மூன்றாம் படி, சுவாதீன அறிவிப்பு. 60 நாட்கள் கடந்த பின் வீட்டின் கதவில் ஒட்டப்படுவது. இரண்டு நாளிதழ்களிலும் வெளியாகும், அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்கும். பெரும்பாலும் முதலில் நடப்பது அடையாளச் சுவாதீனமே, அதாவது காகிதத்தில் மட்டும். குடும்பம் அந்த வீட்டில்தான் இருக்கும். இந்த நடவடிக்கை தவறு என்று நீங்கள் கருதினால் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய இடங்களில் இந்தத் தீர்ப்பாயங்கள் உள்ளன. மனு போட்டாலே ஏலம் நின்றுவிடாது. தடை உத்தரவு தனியாகப் பெற வேண்டும். ஒரு தொகையைக் கட்டினால்தான் தடை என்று தீர்ப்பாயம் நிபந்தனை விதிப்பதும் வழக்கம்.

நான்காம் படி, வீட்டை நேரில் எடுத்தல். குடும்பம் தானாக வெளியேறாவிட்டால், வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ முதன்மை நீதித்துறை நடுவரிடமோ விண்ணப்பிக்கும். அவர் 30 நாட்களில், காரணம் இருந்தால் மொத்தம் 60 நாட்களுக்குள், உத்தரவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இதைவிடக் கூடுதல் காலம் ஆவதும் உண்டு.

ஐந்தாம் படி, ஏலம். விற்பனைக்கு 30 நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். இங்கே ஒரு முக்கியமான கெடு இருக்கிறது. ஏலம் நடக்கும் நாள் காலைவரை பணம் கட்டி மீட்கலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அப்படி இல்லை. ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் முழுத் தொகையையும் கட்டினால்தான் மீட்கும் உரிமை. 2023இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதன்பின் வங்கி மனம் வைத்தால்தான் உண்டு. மதில் சூழ்ந்த நகரின் ஓராண்டுக் கெடுவைப் போல, இதுவே இந்தச் சாலையின் கடைசிக் கெடு.

ஏலத்தில் கடனும் செலவும் போக மிஞ்சிய பணம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். பணம் போதாவிட்டால் மீதிக் கடன் உங்கள் பெயரிலேயே நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

சட்டம் குறிப்பிடும் 90, 60, 30 நாட்களை மட்டும் கூட்டினாலே ஆறு மாதம். நடைமுறையில் ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். விவசாய நிலத்தின் அடமானத்துக்கும், அசலிலும் வட்டியிலும் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பாக்கி இருக்கும் கடனுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் என்ன இருக்கிறது?

இவ்வளவு காலம் கிடைக்கிறது. அதைக்கொண்டு என்ன செய்வது? அரசர்கள் இரண்டாம் நூல் 4ஆம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் இறைவாக்கினர் எலிசாவிடம் வருகிறார். கணவர் இறந்துவிட்டார், கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான் என்று கதறுகிறார். எலிசா அந்தக் கடன்காரனைச் சபிக்கவில்லை. பணத்தைத் தூக்கிக் கொடுக்கவும் இல்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு கலயம் எண்ணெய் இருக்கிறது. அக்கம்பக்கத்தாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கி, கதவை மூடிக்கொண்டு, பிள்ளைகளோடு சேர்ந்து ஊற்று என்கிறார். பாத்திரங்கள் நிறைந்த பின், எண்ணெயை விற்றுக் கடனைக் கட்டு, மீதியைக்கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

அந்தத் தாய் செய்ததைக் கவனியுங்கள். முதலில் வாய்திறந்து சொன்னார். இரண்டாவதாக, வீட்டில் இருப்பதைக் கணக்குப் பார்த்தார். மூன்றாவதாக, பிள்ளைகளையும் வேலையில் சேர்த்துக்கொண்டார். நான்காவதாக, அக்கம்பக்கத்தாரிடம் உதவி கேட்டார். அற்புதம் இவற்றோடு சேர்ந்துதான் நடந்தது.

நீங்களும் ஒரு மாலை உட்காருங்கள். கணவன், மனைவி, விவரம் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் உட்காருங்கள். குடும்பத் தலைவர் மட்டும் சுமந்துகொண்டிருந்த கணக்கை எல்லார் முன்னும் வையுங்கள். மாத வருமானம் எவ்வளவு? அரிசி, பால், மருந்து, பள்ளிக் கட்டணம் போக என்ன மிஞ்சும்? வண்டி, நகை, ஊரில் இருக்கும் பங்கு நிலம், எது விற்கக்கூடியது? கடன் பத்திரங்களோடு காப்பீடு ஏதாவது எடுக்கப்பட்டிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை, கணவரை இழந்த தாய்மார்கள் கட்டாயம் கேட்க வேண்டும். வீட்டுக் கடன் வாங்கும்போதே பல இடங்களில் கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடும் எடுக்கிறார்கள். அப்படி எடுத்திருந்து, எடுத்தது கணவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், காப்பீட்டுப் பணத்தைக் கேட்காமலே வீட்டை இழக்க நேரும்.

பிறகு ஒரே ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வருமானம் நின்றது சில காலத்துக்கா, நிரந்தரமாகவா?

சில காலத்துக்குத்தான் என்றால், வீட்டைக் காக்கப் போராடலாம். அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்புவார், மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சம்பளம் வரும் என்பது போன்ற நிலை. அதை எழுத்தில் சொல்லிக் காலம் கேளுங்கள். முடிந்த தொகையை, ஆயிரமோ ஐந்தாயிரமோ, மாதந்தோறும் கட்டிக்கொண்டே இருங்கள். கட்டும் மனம் இருக்கிறது என்பதற்கு அந்த ரசீதுகளே சாட்சி. மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கவும் வழி உண்டு. அங்கே எழுதப்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே கட்ட முடியாத தொகைக்கு உணர்ச்சிவசப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிரந்தரம் என்றால், இன்னொரு வகைத் துணிவு வேண்டும். ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 லட்சம் ரூபாய் கடன், 9 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 18,000 ரூபாய். முதல் தவணையில் 15,000 வட்டிக்கே போகிறது, அசலில் 3,000தான் குறைகிறது. ஐந்து ஆண்டுகள் தவறாமல் கட்டினால் கட்டிய தொகை 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஆனால் அசல் இன்னும் 17 லட்சத்து 74 ஆயிரம் நிற்கும். "இவ்வளவு கட்டினோமே!" என்ற வேதனை நியாயமானதுதான். ஆனால் அந்த வேதனையால் மட்டும் வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், வட்டியும் அபராதமும் ஏறி வீட்டின் மதிப்பையே தின்றுவிடும். அந்த வீடு வெளியில் 30 லட்சத்துக்கு விலைபோகும் என்றால், நீங்களே ஆள் பார்த்து விற்றால் கடன் போகப் பத்துப் பன்னிரண்டு லட்சம் கையில் நிற்கலாம். ஏலத்தில் அதே விலை வரும் என்று நம்ப முடியாது, செலவும் உங்கள் கணக்கில்தான் சேரும். அந்தப் பத்து லட்சம் பிள்ளைகளின் படிப்பு, வாடகை வீட்டு முன்பணம், மீண்டும் தொடங்கும் தொழில்.

ஒரு எச்சரிக்கை. 60 நாள் நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே விற்பது என்று முடிவெடுத்தால் வங்கியிடம் சொல்லி, கால அவகாசம் கேட்டு, அவர்களின் ஒப்புதலோடு விற்க வேண்டும்.

பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும்வரை, மருமகளின் பிரசவம் முடியும்வரை, வயதான தாயாரின் சிகிச்சை முடியும்வரை என்று காலம் கேட்பதும் நல்ல காரணமே. அதுவரை காலம் வாங்கி, மே மாதத்தில் நாமே பார்த்த வாடகை வீட்டுக்கு நாமே சாமான்களை ஏற்றிப் போவது வேறு. ஒருநாள் காலையில் அதிகாரிகள் வந்து பாத்திரங்களைத் தெருவில் வைப்பது வேறு. இரண்டிலும் வீடு போகிறதுதான். ஆனால் பிள்ளைகளின் மனத்தில் அவை விட்டுச்செல்லும் நினைவு ஒன்றல்ல.

செய்யக் கூடாதவை

பொய் சொல்லிக் காலம் வாங்குவதே பாவம் என்று முன்பு சொன்னேன். அது எப்படியெல்லாம் நடக்கிறது என்று பாருங்கள். வங்கியில் அடமானத்தில் இருக்கும் வீட்டை, அதை மறைத்து, ஐந்து லட்சத்துக்கும் எட்டு லட்சத்துக்கும் ஒத்திக்கு விடுகிறார்கள். ஒத்திக்கு வந்தவர் தன் மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைக் கொடுத்திருப்பார். வங்கி வரும் நாளில் அந்தக் குடும்பமும் தெருவில் நிற்கும். நம் கண்ணீரைத் துடைக்க இன்னொருவரை அழவைப்பதைப் போன்றது அது. அப்படி யாராவது செய்திருந்தால், ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிடுவது மட்டும் போதாது. ஈடுசெய்யும் கடமையும் உண்டு.

கந்துவட்டிக்கு வாங்கி வங்கித் தவணையைக் கட்டாதீர்கள். 9 விழுக்காட்டுக் கடனை அடைக்க, பத்து மடங்கு வட்டிக்குக் கழுத்தைக் கொடுப்பது அது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளையும் நம்ப வேண்டாம். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். "வங்கியில் எனக்கு ஆள் தெரியும், ஏலத்தை நிறுத்திவிடுகிறேன்" என்று பணம் கேட்டு வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வசூலுக்கு வருகிறவர்களுக்கும் எல்லை உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனாளியைத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அடகு வாங்குகிறவன் வெளியே நிற்க வேண்டும் என்ற மோசேயின் சட்டத்தின் மனம் இதிலும் இருக்கிறது. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தொலைபேசி எண் 14448. சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். வீட்டின் பத்திரம் தாய்மார்களின் பெயரில் இருந்தால் இது பெரிய உதவி.

பங்குச் சமூகம் என்ன செய்யலாம்?

நெகேமியா 5ஆம் அதிகாரத்தில், பஞ்ச காலத்தில் மக்களும் அவர்களின் மனைவியரும் பெரும் கூக்குரல் எழுப்புகிறார்கள். தானியம் வாங்குவதற்காக வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்துவிட்டோம் என்கிறார்கள். நெகேமியா அதைக் கேட்டுக் கடும் சினம் கொள்கிறார். யோசித்துப் பார்த்தபின், பெரியவர்களைக் கூட்டி, அவற்றை இன்றே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். மக்கள் ஒன்றாகக் குரல் எழுப்பியதால்தான் அது அவர் காதில் விழுந்தது. தனித்தனியே வீட்டுக்குள் அழுதிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

திருஅவையின் வரலாற்றிலும் இப்படி ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஏழைகள் கடும் வட்டியில் சிக்கித் தவித்தபோது, பிரான்சிஸ்கன் துறவியர் "இரக்கத்தின் மலை" என்ற பெயரில் குறைந்த செலவில் அடகுக் கடன் தரும் நிதியங்கள் தோன்ற உழைத்தார்கள். 1462இல் பெரூஜியா நகரில் ஒன்று தொடங்கியது. 1515இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் அவற்றுக்கு ஒப்புதல் அளித்தது. ஏழைக்கு இரக்கத்தைப் போதித்தவர்கள் அதற்கு ஒரு பெட்டியும் ஒரு கணக்குப் புத்தகமும் வைத்தார்கள்.

நம் பங்கில் அவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாமல் இருக்கலாம். சின்னதாகச் செய்ய முடியும். நாளிதழில் ஒரு குடும்பத்தின் பெயரோடு சுவாதீன அறிவிப்பு வந்தால், அதைக் கைப்பேசியில் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பாமல் இருப்பதே முதல் உதவி. அன்பியத்தில் ஒருவர் அந்த நோட்டீசைப் படித்து விளக்கலாம். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் நம் பங்குகளில் இல்லையா? ஒருவர் கூடவே வங்கிக்குப் போய், மேலாளர் முன் பக்கத்தில் அமரலாம். தனியாகப் போனால் வாயடைத்து நிற்கும் தாய், பக்கத்தில் ஒருவர் இருந்தால் பேசிவிடுவார். வின்சென்ட் தே பவுல் சபையினர் இரண்டு மாத அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கைகொடுத்தால், அந்தப் பணம் தவணைக்குப் போகும். எலிசாவின் காலத்துக் கைம்பெண்ணுக்கு அக்கம்பக்கத்தார் கொடுத்தது வெறும் பாத்திரங்கள்தான். அவை இல்லாமல் எண்ணெய் ஊற்ற இடம் இருந்திருக்காது.

எல்லாம் செய்தும் வீடு போய்விட்டால்? போகலாம். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. கல் கல்லாகப் பார்த்துக் கட்டிய வீடு போவது ஒரு சாவைப் போன்ற துக்கம். அழுங்கள், அழுவது விசுவாசக் குறைவு அல்ல. ஆனால் அந்தத் துக்கத்தில் யாரும் தனியாக இருக்க வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் உடனே யாரிடமாவது சொல்லுங்கள். உங்கள் பங்குத்தந்தையின் கதவைத் தட்டுங்கள், இரவு எந்நேரம் ஆனாலும் சரி. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம். 20 லட்சம் கடனுக்கு வங்கி வீட்டைத்தான் எடுக்க முடியும். அப்பாவையும் அம்மாவையும் பிள்ளைகளிடமிருந்து எடுக்க அதற்கு உரிமை இல்லை. அந்த உரிமையை நாமாக யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

நம் ஆண்டவர் பிறந்தபோது விடுதியில் இடம் கிடைக்கவில்லை. குழந்தைப் பருவத்திலேயே எகிப்துக்கு இரவோடு இரவாகப் போனார். தலைசாய்க்க இடமில்லை என்று தம்மைப் பற்றிச் சொன்னார் (லூக் 9:58). வீடில்லாதவரின் வெட்கம் அவருக்குப் புதிதல்ல. வாடகை வீட்டின் முதல் இரவில், பெட்டிகளுக்கு நடுவே திருஇருதயப் படத்தை மாட்டி நீங்கள் செபமாலை சொல்லும்போது, அவர் அங்கே முன்னமே வந்திருப்பார்.

எனவே அன்புக்குரியவர்களே, அலமாரியில் கிடக்கும் அந்த உறையை இன்று மாலையே பிரியுங்கள். அதில் இருக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை வங்கிக்குப் போங்கள், தனியாகப் போக வேண்டாம். நீங்கள் இன்னும் வழியில்தான் இருக்கிறீர்கள்.

செபிப்போம்: இரக்கமுள்ள ஆண்டவரே, கடன் சுமையால் உறக்கம் இழந்த எங்கள் குடும்பங்களைக் கண்ணோக்கியருளும். உண்மையைப் பேசும் துணிவையும், கிடைத்த காலத்தை நன்றாகப் பயன்படுத்தும் அறிவையும் அவர்களுக்குத் தாரும். கடன் கொடுத்தவர்களின் மனத்தில் இரக்கத்தைத் தாரும். துன்புறும் குடும்பங்களுக்கு வெறும் பாத்திரத்தையாவது கொண்டுபோய்க் கொடுக்கும் அயலாராக எங்களை மாற்றும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.